நாவலர் பெருமானும் கஞ்சித்தொட்டித் தருமமும்

சைவமும் தமிழும் தழைத்தோங்க யாழ்ப்பாணத்து நல்லூரிலே அவதரித்த ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலர் பெருமானை அறியாத சைவர் ஈழத்தில் இல்லை எனலாம். அவர் பெயரைச் சொன்னதும் மேடைப் பிரசங்கமும், கண்டனப் பத்திரிகைகளும், எதிர்த்தவர் வாயடைத்துப்போன வாதங்களுமே பலருக்கும் நினைவில் வருகின்றன. அவருடைய வாழ்வின் கடைசி மூன்று ஆண்டுகளில் நடந்த ஒரு பெருந்தருமம் இவற்றின் நடுவே மறைந்துகிடக்கிறது. அதனை எடுத்துக் கூறுவது ஆலய மலருக்குப் பொருத்தமானதாகும்.

நாவலர் 1822 ஆம் ஆண்டு மார்கழி மாதம் 18 ஆம் திகதி கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார். இளமையிலேயே தந்தையாரை இழந்தார். இருபாலைச் சேனாதிராச முதலியார், நல்லூர்ச் சரவணமுத்துப் புலவர் ஆகியோரிடம் தமிழ் கற்றார். வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் ஆங்கிலம் கற்று அங்கேயே ஆசிரியராகி, பேர்சிவல் பாதிரியார் பைபிளைத் தமிழாக்கியபோது அவருக்கு உறுதுணையாக இருந்தார். மாற்றார் நூலை வரிக்கு வரி கற்றவர் அவர். ஆகவே பின்னாளில் அவரோடு வாதிட வந்தவர்கள் திணறியதில் வியப்பில்லை.

1848 இல் அந்த உத்தியோகத்தைத் துறந்து வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அச்சியந்திரம் வாங்கத் தமிழகம் சென்றபோது திருவாவடுதுறை ஆதீனத்தார் அவருக்கு நாவலர் என்னும் பட்டத்தை வழங்கினர். அதன்பின் பெரியபுராண வசனமும், பாலபாடங்களும், திருக்குறள் பரிமேலழகர் உரைப் பதிப்பும், இன்னும் பலவும் வெளிவந்தன. இல்லறம் அவர் ஏற்கவில்லை. பாடசாலையும் அச்சுக்கூடமுமே அவருக்குக் குடும்பம்.

இவற்றோடு கூடவே வாதங்களும் வளர்ந்தன. 1854 இல் வெளிவந்த சைவதூஷணபரிகாரம் மிஷனரிமாருக்கு விடையாக அமைந்தது. பின்னர் சைவர்களுக்குள்ளேயே சர்ச்சைகள் எழுந்தன. வடலூர் இராமலிங்க சுவாமிகளின் பாடல்களை அருட்பா என்று அழைத்துத் திருமுறைகளுக்கு நிகராக வைப்பதை நாவலர் மறுத்தார். அந்தப் பிணக்கு முற்றி 1869 இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போயிற்று. வழக்கின் முடிவை இரு சாராரும் இன்றுவரை வெவ்வேறு விதமாகக் கூறுவர். யாழ்ப்பாணம் திரும்பிய பின் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் ஆகம விதிப்படி அமையவில்லை என்று கோயில் அதிகாரிகளோடு நீண்ட தகராறு நடந்தது. துண்டுப்பிரசுரத்துக்கு எதிராக இன்னொரு துண்டுப்பிரசுரம் அச்சாயிற்று. கோயில் வழக்குகள் தந்தை காலத்தில் தொடங்கி மகன் காலத்திலும் தீராமல் இழுபடுவதை நமது ஊர்களில் கண்டவர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் தோன்றாது. நாவலர் பக்கத்தில் நியாயம் இருந்தது என்றே வைத்துக்கொண்டாலும், ஆண்டுகள் கழிந்தனவே தவிர அந்தப் பிணக்குகள் தீரவில்லை.

இந்த நிலையில்தான் பஞ்சம் வந்தது. தாது வருடப் பஞ்சம் என்று முதியோர் சொல்லும் கொடிய பஞ்சம் 1876 முதல் தென்னிந்தியாவை வாட்டியது. யாழ்ப்பாணத்திலே ஆறில்லை. கிணற்று நீர் புகையிலைக்கும் காய்கறிக்கும் உதவும். நெல்லோ மாரி மழையை நம்பியது. மழை பொய்த்தால் இந்தியாவிலிருந்து தோணிகளில் வரும் அரிசியே கதி. அங்கேயே அரிசி இல்லாதபோது இங்கே விலை ஏறிற்று. பசியால் மெலிந்த உடம்புகளைத் தேடிக்கொண்டு வாந்திபேதியும் வந்து சேர்ந்தது.

நாவலர் அப்போது ஐம்பத்தைந்து வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். உடல்நலமும் முன்போல் இருக்கவில்லை. அவர் செய்யக்கூடியதாக நூல் வேலையே மலைபோல் குவிந்திருந்தது. பஞ்சம் ஏன் வந்தது, யார் பாவத்தால் வந்தது, அரசாங்கத்தின் கடமையா ஊரவர் கடமையா என்று நியாயம் பேசிக்கொண்டிருக்கவும் அவரால் முடிந்திருக்கும். அதில் அவரை வெல்ல ஆளில்லை. அவர் செய்தது வேறு. 1877 இல் வண்ணார்பண்ணையிலே கஞ்சித்தொட்டியைத் தொடங்கினார். பொருளுள்ளவர்களிடம் சென்று அரிசியும் பணமும் கேட்டார். பிரசங்கத்தால் சபைகளை நடுங்கவைத்த நா ஏழைகளுக்காக யாசித்தது. நாள்தோறும் கஞ்சி காய்ச்சப்பட்டு, பசியோடு வந்தவர்களுக்கு வார்க்கப்பட்டது.

ஒரு கோயிலில் ஒரு நாள் அன்னதானம் கொடுப்பதற்கே விறகு எங்கே, கிடாரம் எங்கே, உபயகாரர் சொன்ன அரிசி வந்து சேர்ந்ததா என்று பரிபாலன சபையார் படும் பாடு அடியார்களுக்குத் தெரியும். பஞ்சகாலத்தில், கொடுக்கிறவர் வீட்டிலும் அரிசிப் பானை அடிதட்டும் வேளையில், நாளை அடுப்பு எரியுமா என்ற கேள்வியோடு ஒவ்வொரு நாளும் அதனை நடத்துவது எத்தகைய காரியம் என்பதை அதைக்கொண்டு ஊகிக்கலாம்.

இங்கே பெரியபுராணத்து வரலாறு ஒன்றை நினைவுகூர வேண்டும். நாவலர் தம் கையாலே வசனமாக எழுதி, கோயில் வீதிகளிலே விரித்துரைத்த வரலாறு அது. திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது, அடியார்களுக்கு அமுதளிப்பதற்காக அப்பர் சுவாமிகளுக்கும் சம்பந்தப்பெருமானுக்கும் இறைவன் நாள்தோறும் படிக்காசு அருளினான். அப்பருக்குக் கிடைத்த காசு வட்டமில்லாமல் மாறியது. அவருடைய திருமடத்தில் அமுது வேளையோடு ஆயிற்று. சம்பந்தருக்குக் கிடைத்த காசை வட்டம் கொடுத்தே மாற்ற வேண்டியிருந்தது. அவருடைய திருமடத்தில் அமுது தாமதித்தது. அப்பர் உழவாரம் பிடித்துக் கைத்தொண்டு செய்தவர் என்பதே இந்த வேறுபாட்டுக்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. சமணரை வாதில் வென்றவர் சம்பந்தர்; பசித்தவனுக்குச் சோறு முந்தியது அப்பருடைய மடத்திலே. இதனை ஊருக்கெல்லாம் எடுத்துச் சொன்ன நாவலருடைய மனத்தில் அது எத்தனை ஆழமாகப் பதிந்திருந்தது என்பதற்கு வண்ணார்பண்ணை அடுப்பே சாட்சி.

இன்னொன்றும் சிந்திக்கத்தக்கது. நாவலர் எதிர்த்து நின்ற இராமலிங்க சுவாமிகள், வழக்கு எழுவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே, 1867 இல், வடலூரிலே தருமசாலை நிறுவி ஏழைகளின் பசியை ஆற்றத் தொடங்கிவிட்டார். பத்தாண்டு கழித்து நாவலரும் கஞ்சிப் பானையின் அருகே வந்து நின்றார். பாடலுக்கு என்ன பெயரிடுவது என்பதில் ஒத்துவராத இரு பெரியார்களும் அடுப்படியில் ஒத்துப்போனார்கள். இருவருடைய அன்பர்களும் பின்னர் அந்தப் பழைய சண்டையையே நீட்டினார்களன்றி இதனைப் பெரிதாகப் பேசவில்லை என்பது வருந்தத்தக்கது.

கஞ்சித்தொட்டியோடு நாவலர் வாதத்தை விட்டுவிட்டார் என்று சொன்னால் அது சரியாகாது. மக்கள் துன்பத்தைத் தணிக்கத் தக்கது செய்யவில்லை என்று அரசாங்க அதிபர் துவைனம் துரையை எதிர்த்து அவர் குரல் எழுப்பினார். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. முன்னைய கண்டனங்கள் நூல்களையும் கிரியைகளையும் பற்றியவை. இந்தக் கண்டனம் பட்டினி கிடந்தவர்களுக்காக எழுந்தது. ஆளுகின்ற அதிகாரியைப் பகைப்பதால் அவருக்குச் சொந்த இலாபம் எதுவும் இல்லை. நட்டம் வரக்கூடும் என்பது தெரிந்தே செய்தார். சாதியொழுக்கம் முதலிய விடயங்களில் அவர் கொண்ட கருத்துக்களை இக்காலத்தார் கேள்விக்குட்படுத்துகின்றனர். கேட்கவேண்டிய கேள்விகள்தான் அவை. ஆயினும் பஞ்சகாலத்து நாவலரை விட்டுவிட்டு அவரை அளப்பது முறையாகாது.

பஞ்சம் தணிந்த பின் அவர் நெடுநாள் இருக்கவில்லை. 1879 இல் சட்டசபைத் தமிழ் அங்கத்துவத்துக்கு இளைஞரான பொன்னம்பலம் இராமநாதனை ஆதரித்துச் சைவப்பிரகாச வித்தியாசாலையிலே கூட்டம் நடத்தினார். அதே ஆண்டு ஆடிச் சுவாதியில், சுந்தரமூர்த்தி நாயனார் குருபூசைத் தினத்தன்று, வண்ணார்பண்ணையிலே அவர் செய்த பிரசங்கமே கடைசிப் பிரசங்கமாயிற்று. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒலித்த அந்தக் குரல் அத்தோடு ஓய்ந்தது. நான்கு மாதங்களின் பின், 1879 மார்கழி 5 ஆம் திகதி, பிரமாதி வருடம் கார்த்திகை மாதத்து மக நட்சத்திரத்திலே அவர் சிவபதம் அடைந்தார். ஐம்பத்தேழு வயது நிறைவதற்கு அப்போது 13 நாட்களே இருந்தன.