முயல் தந்த மருந்து

வெறிநாய்க்கடி நோயை ஆராய்ந்த லூயி பாஸ்டரின் நுண்ணோக்கிக்கு அதன் கிருமி புலப்படவே இல்லை. குடுவையிலும் அது வளரவில்லை. ஆகவே, முயல்களின் உடலிலேயே அதனை வளர்த்தார். இறந்த முயலின் தண்டுவடத்தை உலர்ந்த காற்றில் தொங்கவிட்டபோது நஞ்சின் வீரியம் நாள்தோறும் குறைந்து, இரு வாரங்களில் ஏறத்தாழ அற்றுப்போனது. அவ்வாறு உலர்த்தியதைச் செலுத்திய நாய்கள் நோயிலிருந்து தப்பின.

1885 ஜூலை 6 அன்று, வெறிநாய் கடித்த 9 வயதுச் சிறுவன் ஜோசப் மெய்ஸ்டரைத் தாய் பாரிசுக்கு அழைத்து வந்தார். பாஸ்டரோ மருத்துவர் அல்லர். சிறுவன் இறந்தால் பழி அவரையே சேரும். அவர் துணிந்தார், மருத்துவர் கிராஞ்சே ஊசியிட்டார். முதலில் மிகவும் உலர்ந்த தண்டுவடம். பின்னர்ப் படிப்படியாகப் புதியது. மொத்தம் 13 ஊசிகள். வீரியம் கூடக்கூடப் பாஸ்டர் உறக்கமின்றித் தவித்தார். சிறுவன் பிழைத்தான், பின்னாளில் பாஸ்டர் நிறுவனத்திலேயே காவலராகப் பணியாற்றினான்.