தரையிறக்கத்தின் பாடம் தந்த இப்னு பிர்னாஸ்

மஸ்கெலியாப் பிரதேசத் தேயிலைத் தோட்டங்களுக்கு மேலாக எழுந்து நிற்கும் ஏழு கன்னியர் மலையை மலையக மக்கள் நன்கறிவர். 1974ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேஷியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிவந்த டீசி-8 ரக விமானம், கட்டுநாயக்கவில் இறங்கவிருந்த வேளையில் இம்மலையில் மோதிச் சிதறியது. 182 பயணிகளும் 9 பணியாளர்களுமாக 191 பேரும் உயிரிழந்தனர். இலங்கை மண்ணில் நிகழ்ந்த மிகப்பெரிய விமான விபத்து இதுவேயாகும்.

பறப்பதிலும் பார்க்கத் தரையிறங்குவதே கடினமானது என்பதை இவ்விபத்து உணர்த்தியது. ஆனால், அதற்கு ஏறத்தாழ 1100 ஆண்டுகளுக்கு முன்னரே அப்பாடத்தைத் தம் உடல் நோவினால் கற்ற ஒருவர் இருந்தார். அவரே அப்பாஸ் இப்னு பிர்னாஸ் ஆவார்.

முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்த ஸ்பெயினின் ரொண்டாப் பகுதியில் 810ஆம் ஆண்டளவில் பிறந்த இவர் பேர்பர் இனத்தைச் சேர்ந்தவர். இளமையிலேயே கல்வியின் தலைநகராகத் திகழ்ந்த கொர்டோபாவை அடைந்து, இரண்டாம் அப்துர் ரஹ்மான், முதலாம் முஹம்மத் ஆகிய ஆட்சியாளர்களின் அவையில் கவிஞராகவும் வானியல் அறிஞராகவும் விளங்கினார். கல்லிலிருந்து கண்ணாடி செய்யும் முறையைக் கண்டறிந்தமை, நீர்க்கடிகாரம் அமைத்தமை, பளிங்குக் கல்லை வெட்டும் நுட்பத்தை வகுத்தமை என்பன இவரது சாதனைகளாகும். தம் இல்லத்தின் ஓர் அறையில் விண்மீன்களும் மேகங்களும் மின்னலும் தோன்றும் செயற்கை வானம் ஒன்றையும் இவர் உருவாக்கியிருந்தார்.

875ஆம் ஆண்டளவில், அறுபது வயதைக் கடந்த நிலையில், உடலை இறகுகளால் போர்த்தி, இரு சிறகுகளைப் பொருத்திக்கொண்டு உயர்ந்த இடமொன்றிலிருந்து அவர் பாய்ந்தார். கணிசமான தூரம் மிதந்து சென்ற அவர், புறப்பட்ட இடத்திற்கே திரும்பியதாகவும், இறங்கும்போது தரையில் மோதி முதுகில் காயமுற்றதாகவும் 17ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் அல்-மக்கரி பதிவு செய்துள்ளார். அவரது சமகாலக் கவிஞர் ஒருவர் இம்முயற்சியை எள்ளி நகையாடிப் பாடியமையும் இந்நிகழ்வுக்கு ஒரு சான்றாகின்றது.

பறவைகள் இறங்கும்போது வாலைப் பயன்படுத்துவதை அவர் கவனியாது விட்டதே காயத்திற்குக் காரணம் எனக் கூறப்படுகின்றது. மேலெழுவதற்குச் சிறகுகளைச் செய்தவர், வேகத்தைத் தணித்து இறங்குவதற்கு வாலைச் செய்யவில்லை. 887ஆம் ஆண்டில் அவர் காலமானார். ஆயிரம் ஆண்டுகளின் பின்னர், 1896இல், இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட தடவைகள் சறுக்கு வானூர்தியில் பறந்த ஜேர்மனியர் ஒட்டோ லிலியந்தாலும் தரையில் வீழ்ந்தே உயிர் நீத்தார்.

ஏழு கன்னியர் மலை விபத்திலும் இயந்திரம் பழுதடையவில்லை. விமான நிலையத்திலிருந்து தாம் எங்கிருக்கின்றோம் என்பதை விமானிகள் தவறாகக் கணித்து, பாதுகாப்பான உயரத்திற்குக் கீழே இறங்கியமையே காரணமென விசாரணை முடிவு கூறிற்று. அதற்கு மூன்று நாட்கள் முன்னர் அமெரிக்காவின் வேர்ஜீனியா மலையொன்றிலும் இவ்வாறே ஒரு விமானம் மோதி 92 பேர் மாண்டனர். அதன் பின்னரே, தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவி அங்கு பெரிய பயணிகள் விமானங்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. எனினும் மலைநாட்டின் வானம் எச்சரிக்கையைக் கோரியவண்ணமே உள்ளது. 2020 ஜனவரியில் ஹப்புத்தளையில் விமானப்படையின் சிறிய விமானமொன்று வீழ்ந்து நால்வர் பலியானமை இதற்குச் சான்றாகும்.

சந்திரனில் உள்ள ஒரு குழிக்கும் கொர்டோபாவில் உள்ள ஒரு பாலத்திற்கும் இன்று இப்னு பிர்னாஸின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. முதன் முதலில் பறக்க முயன்ற முஸ்லிம் எனப் பெருமிதம் கொள்வதோடு நாம் நின்றுவிடலாகாது. அவரது துணிவைப் போலவே அவரது தவறும் நமக்குரிய செல்வமேயாகும். விழுந்ததை மறைக்காது பதிவு செய்யும் சமூகமே அடுத்தவரைக் காக்கின்றது. இறையில்லம் காணப் புறப்பட்டு நம் மலையில் உயிர் நீத்தோரை நினைவுகூரும்போது, இவ்வுண்மையையும் நாம் நெஞ்சில் இருத்துதல் வேண்டும்.