அல்பிரூனியின் நண்பர்கள்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். விடுதியில் சேர்த்துவிட்டுப் புறப்படும்போது அத்தாவுக்கு ஒரே கவலை: வேற்று மதத்துப் பிள்ளைகளோடு ஓர் அறையில் இருந்தால் மகனுடைய தொழுகை என்னாகும்? எனக்கும் அந்தக் கவலை இல்லாமலில்லை. அறிஞர் அல்பிரூனியின் வரலாற்றைப் படித்தது அந்நாள்களில்தான்.

கி.பி. 973-இல், இன்றைய உஸ்பெகிஸ்தானைச் சேர்ந்த குவாரிஸம் பகுதியில் பிறந்தவர் அவர். அங்கே அவருக்கு அறிவுத்தோழராக வாய்த்தவர் அபூ ஸஹ்ல் அல்மஸீஹீ என்ற மருத்துவர். மஸீஹீ என்றால் கிறிஸ்தவர் என்று பொருள்.

1017-இல் கஜினி மகமூது குவாரிஸத்தைக் கைப்பற்றினார். அல்பிரூனி கஜினிக்குக் கொண்டு செல்லப்பட்டார். இந்தியாவைப் பலமுறை சூறையாடியவை அதே மகமூதின் படைகள்தாம். அந்த அரசவையிலிருந்து வரும் ஒரு முஸ்லிமிடம் பண்டிதர்கள் மனம் திறந்து பேசுவார்களா? அவரோ நாற்பதைக் கடந்த வயதில் சமஸ்கிருதம் கற்கத் தொடங்கினார். இந்திய வானநூலாரிடம் முதலில் மாணவராகவே பழகினார். பிறகு தாம் அறிந்த கணிதத்தை அவர்களுக்கு விளக்கினார். இதையெல்லாம் எந்த இந்து ஆசானிடம் கற்றீர் என்று அவர்கள் வியந்து கேட்டார்களாம்! பதஞ்சலியின் யோக நூலை அரபியில் தந்தவரும் அவரே. நந்தனா கோட்டையருகே மலையேறி, அடிவானத்தின் தாழ்கோணம் 34 நிமிடம் என்று அளந்து, அதைக்கொண்டு பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டார். கோணத்தை அளப்பதில் அரைப் பாகை தவறவிடும் நம் ஆய்வுக்கூட நண்பர்கள் கவனிக்க!

1030-ஐ ஒட்டி, இந்தியாவைப் பற்றி 80 இயல்கள் கொண்ட நூலை எழுதி முடித்தார். இந்துக்களின் கருத்தை அவர்கள் நூல்களைக் கொண்டே சொன்னார். மகமூதின் படையெடுப்பு இந்நாட்டின் வளத்தை அழித்து வெறுப்பை விதைத்ததையும் மறைக்கவில்லை. பண்டிதர்களின் செருக்கையும் விட்டுவைக்கவில்லை. எனக்குப் பிடித்ததே இதுதான். தலையாட்டுவதா நட்பு?

தம் மார்க்கத்தில் உறுதியானவர் அவர். தொழுகை நேரம் காண அவர் கருவி ஒன்று செய்தார். அதில் ரோமானிய மாதங்கள் இருப்பதால் தொடமாட்டேன் என்று மறுத்தார் ஒருவர். ரோமானியர் உணவுகூட உண்கிறார்களே, அதையும் விட்டுவிடுவீரா என்று அல்பிரூனி மடக்கினாராம். இதைப் படித்தபோது சிரித்துவிட்டேன். ஏனெனில் பஜ்ருத் தொழுகைக்கு என்னைத் தட்டி எழுப்புகிறவனே, நெற்றியில் திருநீறு பூசும் என் அறைத்தோழன்தான். அவன் ஊருக்குப் போன நாள்களில் நான் எப்போது எழுந்தேன் என்பது அத்தாவுக்குத் தெரிய வேண்டாம்.

அபூ ஸஹ்ல் 1010-ஐ ஒட்டி மறைந்தார். குவாரிஸத்தை விட்டு வெளியேறியபோது பாலைவழியில் மாண்டார் என்பர். ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்குப் பின், முதுமையில், தம் நூல்களுக்கெல்லாம் அல்பிரூனி ஒரு பட்டியல் எழுதினார். அபூ ஸஹ்ல் தம் பெயரில் எழுதித் தந்த 12 நூல்களையும் மறவாமல் அதில் சேர்த்திருக்கிறார்.