முன்சீப் பாடிய நீதி

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826இல் பிறந்த வேதநாயகம் பிள்ளை, தரங்கம்பாடியிலும் மாயூரத்திலும் முன்சீப்பாக இருந்தவர். பொய்ச்சாட்சி அவருக்கு ஏட்டுச் செய்தியன்று, அன்றாடக் காட்சி. கூண்டில் நாப்புரட்டுபவன் அதனை இளமையிலேயே கற்றுவிடுகிறான் என்று உணர்ந்தவர்போல், 1859இல் எளிய பாடல்களால் நீதிநூல் யாத்து, பொய்யையும் கைக்கூலியையும் கடிந்தார்.

ஆயினும், வாய்மையைக் கற்ற பிள்ளை வளர்ந்து ஏறும் மன்றம் வேற்றுமொழி பேசினால் அவன் மெய் யார் செவியில் ஏறும்? சதர் நீதிமன்றத் தீர்ப்புகளை அவர் தமிழாக்கி 1862இல் வெளியிட்டமைக்கு இவ்வினாவே காரணம் எனலாம். 1879இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்திலோ, தமிழர் வழக்கைத் தமிழ் வக்கீல்கள் ஆங்கிலத்தில் வாதிடும் விந்தையை எள்ளி நகையாடினார். கதையோட்டத்தை அது தடுக்கிறது என்பாரும் உளர், தடுக்கட்டுமே! 1889இல் மறையும்வரை அவர் அக்கருத்தினின்று பின்வாங்கியதாகத் தெரியவில்லை.