புரதத்துக்கு வரைபடம் வகுத்த தமிழர்

பெங்களூரில் 'டாடா இன்ஸ்டிடியூட்' என்று நாம் சொல்லும் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் 1942-ம் ஆண்டு ஓர் இளைஞர் மின் பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். அவருடைய திறமை பௌதிகத்துக்கே உரியது என்பதைக் கண்டுகொண்ட சர் சி.வி.ராமன், தமது துறைக்கே அவரை மாற்றிக்கொண்டார். அந்த இளைஞர்தான் ஜி.என்.ராமச்சந்திரன்.

1922 அக்டோபர் 8-ந் தேதி எர்ணாகுளத்தில் பிறந்தவர். தந்தையார் நாராயண ஐயர் கணிதப் பேராசிரியர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பட்டம் பெற்ற ராமச்சந்திரன், பெங்களூருக்குப் பின் கேம்பிரிட்ஜ் சென்று டாக்டர் பட்டத்துடன் 1949-ல் திரும்பினார். 1952-ல் சென்னைப் பல்கலைக் கழகம் அவரைப் பௌதிகத் துறைத் தலைவராக அழைத்தது. அப்போது அவருக்கு வயது முப்பது கூட நிறையவில்லை.

அந்தச் சமயம் சென்னைக்கு வந்த ஆங்கில விஞ்ஞானி பெர்னல், கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் புரியாமல் இருப்பதை எடுத்துச் சொன்னார். தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றுக்கு உறுதி தருவது இந்தப் புரதமே. எக்ஸ் கதிர்களை இதன் இழை வழியே செலுத்தினால், அவை சிதறிப் பிலிமில் புள்ளிகளாகவும் கோடுகளாகவும் பதியும். அந்தப் பதிவிலிருந்து அணுக்கள் இருக்கும் இடத்தைக் கணக்கிட வேண்டும். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கங்காரு வாலின் தசைநாணைக் கொண்டு ஆராய்ந்தார்கள். மூன்று இழைகள் கயிறு போல ஒன்றையொன்று சுற்றியிருப்பதே கொலாஜன் என்று 1954, 1955-ம் ஆண்டுகளில் அறிவித்தார்கள்.

உடனே எதிர்ப்புக் கிளம்பியது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கிரிக்கும் ரிச்சும், இந்த மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்று குறை கூறித் திருத்திய மாதிரியை வெளியிட்டார்கள். மூன்று இழை என்ற அடிப்படை நிலைத்தது. முதலில் சொன்ன சென்னைக்குரிய பெருமை மங்கியது.

மற்றொருவராக இருந்தால் மனம் வெதும்பி ஒதுங்கியிருப்பார். ராமச்சந்திரனோ அந்தக் குறையையே ஆராய்ச்சிப் பொருளாக்கினார். இரண்டு அணுக்கள் எவ்வளவு தூரம்தான் நெருங்க முடியும்? வெளியான படிக அமைப்புகளையெல்லாம் சலித்து எல்லைகளை வகுத்தார். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் இரண்டு கோணங்களில் திரும்பக்கூடியது. அந்தக் கோணங்களில் எவை சாத்தியம், எவை அசாத்தியம் என்று மாணவர்கள் ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் கணக்கிட்டு, 1963-ல் ஒரே படத்தில் காட்டினார். அதுவே ராமச்சந்திரன் வரைபடம். அமைப்பு தெரிந்த புரதங்கள் அன்று விரல் விட்டு எண்ணத்தக்கவையே. இன்றோ, உலகில் எந்தப் புரதத்தின் அமைப்பைக் கண்டாலும் அதைச் சரிபார்க்க இந்தப் படத்தில் வைத்துப் பார்க்கிறார்கள்.

1971-ல் பெங்களூருக்கே திரும்பி மூலக்கூறு உயிர் பௌதிகப் பிரிவைத் தொடங்கினார். எக்ஸ் கதிர்ப் படங்களிலிருந்து உள்ளுறுப்பின் உருவத்தை விரைவாகக் கணித்தெடுக்கும் முறையை, லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து அதே ஆண்டில் வெளியிட்டார். சி.டி. ஸ்கேன் கருவிகளுக்கு அத்தகைய முறை பெரிதும் உதவியது.

1977-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். நோபல் பரிசு மட்டும் வரவில்லை. 1998-ல் மனைவி ராஜலட்சுமியை இழந்தார், நோயும் வாட்டியது. 1999-ல் சர்வதேசப் படிகவியல் சங்கத்தின் எவால்ட் பரிசு கிடைத்தது. 2001 ஏப்ரல் 7-ந் தேதி சென்னையில் காலமானார்.

குறை சொன்னவர்களுக்கு அவர் அளித்த பதில், இன்று உயிர் வேதியியல் பாடநூல்களிலெல்லாம் அவர் பெயரிலேயே அச்சாகிறது.