24 நாள் நடைக்கு 40 வருஷ டிரெய்னிங்!

சந்தவாசலிலிருந்து திருவண்ணாமலைக்கோ திருப்பதிக்கோ பாதயாத்திரை போகணும்னு ஆசைப்படுபவர்களில் பலர், கடைசி ரெண்டு வாரத்தில்தான் புது ஷூ வாங்கி நடக்க ஆரம்பிப்பாங்க. ரெண்டாம் நாளே கால் கொப்பளிச்சு பஸ் ஏற வேண்டியதுதான்! நாள் முழுக்கத் தறியில உட்கார்ந்தாலும் சரி, லேப்டாப் முன்னாடி உட்கார்ந்தாலும் சரி, கால் ஒண்ணுதானே. அப்படின்னா 60 வயசில் 385 கிலோமீட்டர் நடந்த காந்தி எப்படித் தயாரானார்?

ஸ்கூலில் அவர் விளையாட்டுப் பக்கமே போகாத பையன். அவ்வளவு கூச்சம். ஆனால், திறந்தவெளியில் நடப்பது உடம்புக்கு நல்லதுன்னு புத்தகங்களில் படிச்சது மனசில் ஒட்டிக்கிச்சு. 1888-ல் லண்டனுக்குச் சட்டம் படிக்கப் போனவர், வண்டிச் செலவை மிச்சம்பிடிக்க நடக்க ஆரம்பித்தார். போகவேண்டிய இடத்துக்கு அரை மணி நேரத்தில் நடந்து போகிற மாதிரி பார்த்து ரூம் பிடித்தார். தினம் 8, 10 மைல். அங்கே இருந்தவரை பெரிதாக நோயே அண்டவில்லை.

உண்மையான டிரெய்னிங் 1910-ல், தென்னாப்பிரிக்காவின் டால்ஸ்டாய் பண்ணையில். ஜோகன்னஸ்பர்க் அங்கிருந்து 21 மைல். சொந்த வேலையாக டவுனுக்குப் போகிறவர் நடந்துதான் போகணும், இதுதான் ரூல். ராத்திரி 2 மணிக்குக் கிளம்பி, வேலையை முடிச்சு, அன்னிக்கே திரும்புவார்கள். மொத்தம் 42 மைல். நம்ம கணக்கில் ஒரே நாளில் கிட்டத்தட்ட அஞ்சு கிரிவலம்! கையில் பண்ணையிலேயே சுட்ட முழுக் கோதுமை ரொட்டி, வேர்க்கடலை வெண்ணெய், ஆரஞ்சு ஜாம். இன்னிக்கு ஜிம் பசங்க காசு கொடுத்து வாங்குற அதே பீனட் பட்டர்தான். செருப்பையும் நண்பர் காலன்பாக்கிடம் கத்துக்கிட்டு அவரே தைத்தார்.

1913 நவம்பரில் அந்தப் பண்ணையை நோக்கி 2,000-க்கும் மேற்பட்டவர்களோடு நடைப்பயணம் கிளம்பினார். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒண்ணரை பவுண்ட் ரொட்டி, ஒரு அவுன்ஸ் சர்க்கரை. அவ்வளவுதான் சாப்பாடு. நடந்தவர்களில் பெரும்பகுதி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள், அதில் தமிழர்கள் ஏராளம். நேட்டாலுக்குக் கப்பலேறிய தமிழர்களில் நிறைய பேர் அன்றைய வட ஆற்காடு மாவட்டத்துக்காரர்கள். ஆரணி, சந்தவாசல் எல்லாம் அந்த மாவட்டம்தான். இது நம்ம ஊர்ல எத்தனை பேருக்குத் தெரியும்? வழியில் நாலே நாளில் மூணு தடவை காந்தி கைதானார். பண்ணை வரை போய்ச் சேர முடியவில்லை.

அவர் உடம்பு இரும்பும் இல்லை. 1918-ல் வயிற்றுக்கடுப்பு சாவு வரை கொண்டுபோனது. 1924-ல் குடல்வால் ஆபரேஷன். 1927-ல் ரத்த அழுத்தம் எகிறி, நந்தி மலையில் வாரக்கணக்கில் ஓய்வு. ஒவ்வொரு முறை தேறி எழுந்த பிறகும் மறுபடி நடை.

அதனால்தான் 1930 மார்ச் 12-ம் தேதி சபர்மதியிலிருந்து தண்டிக்குக் கிளம்பியபோது, உடம்புக்கு அது புது வேலையாக இல்லை. சராசரி தினம் 16 கிலோமீட்டர். ஒரு கிரிவலத்தைவிடக் கொஞ்சம் கூட. அதையும் காலை, மாலைன்னு ரெண்டாகப் பிரிச்சுக்கிட்டார். திங்கட்கிழமை ரெஸ்ட். சுமை குறைவு. கூட வந்த இளைஞர்கள் சிலர் கால் வலியில் மாட்டு வண்டி ஏறினார்கள். அவருக்காகக் கொண்டுவந்த குதிரை மட்டும் கடைசிவரை சும்மாவே வந்தது. ஏப்ரல் 5 தண்டி, மறுநாள் காலையில் உப்பு.

அதோடு நடை நிற்கவில்லை. 1947-ல், 77 வயசில், கலவரத்தில் எரிந்துபோன நவகாளியில் கிராமம் கிராமமாக வாரக்கணக்கில் நடந்தார். செருப்பு தைக்கத் தெரிந்த மனுஷன் அங்கே நடந்தது வெறுங்காலோடு.