ஹலாலா என்று கேட்ட சிறுவன்: பறவை அறிஞர் சாலிம் அலீ

கோவையிலிருந்து ஆனைகட்டிக்கு விடுமுறை நாளில் போய்வரும் நம் குடும்பங்களில் பலர் அங்குள்ள பறவையியல் ஆய்வு மையத்தின் பெயர்ப்பலகையைக் கண்டிருப்போம். 1990-இல் தொடங்கப்பட்ட அந்த மையம் சாலிம் அலீ பெயரைத் தாங்கியது. அவர் யார் என்று பிள்ளைகள் கேட்டால் சொல்வதற்கு நம்மிடம் ஏதாவது இருக்க வேண்டுமல்லவா?

1896 நவம்பர் 12 அன்று மும்பையில் ஒரு போரா முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். மூன்று வயதுக்குள் தாய் தந்தை இருவரையும் இழந்த யத்தீம். தாய்மாமன் அமீருத்தீன் தையப்ஜி எடுத்து வளர்த்தார். மாமாவுக்கு வேட்டையில் பெரும் ஈடுபாடு. மருமகனுக்கும் ஒரு சிறு காற்றுத் துப்பாக்கி கிடைத்தது. சிட்டுக்குருவிகளைச் சுடுவதுதான் பொழுதுபோக்கு. ஒருநாள் விழுந்த குருவியின் தொண்டையில் மஞ்சள் கறை போல் ஒரு திட்டு இருந்தது. இதைச் சாப்பிடுவது ஹலாலா என்ற ஐயம் சிறுவனுக்கு எழுந்தது. மாமாவிடம் கொண்டு போனார். மாமாவுக்கும் தெரியாததால், மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லர்டிடம் அனுப்பி வைத்தார். மில்லர்டு இழுப்பறை இழுப்பறையாகத் திறந்து, பாடம் செய்து வைத்திருந்த குருவி இனங்களைக் காட்டினார். மார்க்கம் குறித்த ஒரு கேள்வி அறிவின் வாசலைத் திறந்த கதை இது. அதனால்தான் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறோம். அவருடைய மார்க்க ஈடுபாட்டை முன்மாதிரியாக நாம் காட்டவில்லை. எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு.

பர்மாவில் குடும்பத் தொழிலைப் பார்த்தார், அது சரிப்படவில்லை. ஜெர்மனியில் பறவையியல் பயின்று 1930-இல் திரும்பியபோது இங்கே வேலையும் இல்லை. மனைவி தஹ்மினாவுடன் கிஹீம் என்ற கடலோர ஊரில் தங்கி, ஏணியில் அமர்ந்து தூக்கணாங்குருவிகளை மாதக்கணக்கில் கவனித்தார். ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டும். பெண் வந்து பார்த்து ஏற்றுக்கொண்டால்தான் முழுமையாகும். அசையாமல் இருந்து பார்த்தவருக்குக் கிடைத்த அறிவு அது.

அந்நாளில் கானகத்துக்குப் பொழுதுபோக்கப் போவது என்றால் பெரும்பாலும் சுடுவதுதான். 1938-இல் பரத்பூர் ஏரியில் வைஸ்ராய் லின்லித்கோ பிரபுவின் கூட்டம் ஒரே நாளில் 4,273 பறவைகளை வீழ்த்தியது. உண்பதற்கல்லாமல் வெறும் விளையாட்டுக்காக ஓர் உயிரைக் கொல்வதை நம் மார்க்கம் எவ்வளவு கடுமையாக எச்சரிக்கிறது என்பது நமக்குத் தெரியும். சாலிம் அலீயும் துப்பாக்கியை அறவே ஒதுக்கியவரல்லர், ஆய்வுக்காகச் சுட்டிருக்கிறார். ஆனால் 1941-இல் வெளிவந்த அவரது இந்தியப் பறவைகள் நூல், சுடாமலே பறவையை அடையாளம் காணச் சாதாரண மக்களுக்குக் கற்றுக்கொடுத்தது. விடுதலைக்குப் பின் பரத்பூர் ஏரியை வடித்து வயலாக்கக் கோரிக்கை எழுந்தபோது அதைக் காக்கப் பாடுபட்டார். ஆனைகட்டிக்கு அப்பால் அட்டப்பாடி வழியே போனால் வரும் அமைதிப் பள்ளத்தாக்கை அணையிலிருந்து காக்கவும் குரல் கொடுத்தார். 1976-இல் பத்ம விபூஷண் பெற்றார். 1987 ஜூன் 20 அன்று 90 வயதில் காலமானார்.

இன்று நம் உக்கடம் பெரியகுளத்தின் கரையில் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் நடைபாதையும் விளக்குகளும் வந்துவிட்டன. மாலையில் பெண்களும் முதியவர்களும் காற்று வாங்க ஓர் இடம் கிடைத்தது நல்லதே. நெருக்கமான தெருக்களில் வாழும் நமக்கு அது தேவையும்கூட. ஆனால் நாரையும் கொக்கும் இரை தேடுவது ஆழமற்ற சேற்று ஓரத்தில். கூடு கட்டிப் பதுங்கும் பறவைக்கு வேண்டியது கோரைப்புதரும் இருளும். கரை முழுவதையும் கல் பாவி வெளிச்சம் போட்டால் அவை எங்கே போகும்? நடப்பதற்கு ஒரு பக்கம் நமக்கு, சேறும் புதருமாய் மறுபக்கம் அவற்றுக்கு என்று மாநகராட்சியிடம் கேட்க நம் ஜமாஅத்துகளுக்கு உரிமை உண்டு. அதுவரை, ஃபஜ்ருக்குப் பின் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்ச் சத்தமின்றிக் கரையில் உட்கார்ந்து பாருங்கள். நொறுக்குத்தீனிப் பையைத் திரும்ப வீட்டுக்கே கொண்டு வந்துவிடுங்கள்.